பன்னிரண்டாம் சீட்டு

மார்ச் 4

அக்காவுக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற பத்தியை நீயே சேர்த்துப் படித்துக்கொள். அப்பா விழுந்துவிட்டார்.

பிப்ரவரி இருபதாம் தேதி காலையில் அகராதி மேஜையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே வலது பக்கம் சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கீழ்வீட்டு டைப்பிஸ்ட் அம்மாவின் கணவரும் நானும் நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி ஏற்றினோம். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவன் வீட்டில் லிஃப்ட் கிடையாது. நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரித்துக்கொள்.

பேச்சு போகவில்லை. போயிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொள்வேன். தமிழ் போய்விட்டது, இங்கிலீஷ் போய்விட்டது, ஃபின்னிஷ் மட்டும் நிற்கிறது. டாக்டரைக் கேட்டால், அபூர்வமாக இப்படி ஆவதுண்டு, எந்த மொழி மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார். காகித ஆலையில் அந்த ஃபின்லாந்து இன்ஜினியர்களோடு பதினைந்து வருஷம் உட்கார்ந்து மிஷின் புத்தகங்களை மொழிபெயர்த்தாரே, அந்த மொழிதான் மிச்சம். நான் தமிழில் பேசினால் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோல் என்னைப் பார்க்கிறார். அவர் பேசினால் நானும் அப்படித்தான் பார்க்கிறேன். பெற்றவரும் பிள்ளையும் எதிரெதிரே இரண்டு ரேடியோ.

இந்த ஊரில் அந்த மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கட்டிலில் கிடக்கிறார். இன்னொருத்தி அகராதியின் 'கெட்' சீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறுநூறு மைல் தள்ளிப் போய்விட்டாள். உன் அச்சகத்துக்கு டிரங்க் கால் போட்டுப் பார்த்தேன். வேலை நேரத்தில் சொந்தக் காரியம் பேசக்கூடாது என்று வைத்துவிட்டார்கள்.

அவர் திரும்பத் திரும்பச் சொல்வதைக் காதில் விழுந்தபடியே எழுதுகிறேன். 'வலோ போய்ஸ்.' இதுதான் அதிகம், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. அப்புறம் 'குல்மா'. எப்போதாவது 'யானோ'. என்ன கேட்கிறார் என்று சொல்.

சொல்வதைவிட நேரில் வந்துவிடு. நீ படியிறங்கும்போது சொன்னது எனக்கும்தான் கேட்டது. ஆனால் அவருக்கு இப்போது கூப்பிடுவதற்குத் தமிழ் இல்லை, அக்கா.

உன் தம்பி

*

மார்ச் 13

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. பிழை திருத்துகிற மேஜையிலேயே படித்தேன். அழுதேன் என்று எழுதினால் உனக்குத் திருப்தியாக இருக்கும். அழவில்லை. அதற்கு மூன்று வருஷம் செலவழித்துவிட்டேன்.

நீ எப்போதும் வீட்டில் திருப்புளியோடு எதையாவது கழற்றிக்கொண்டிருந்தவன். உன்னைத் திருப்புளி என்று கூப்பிட்டு அப்பா வெளியே அனுப்பிவிடுவார், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். அதனால் சண்டை என்ன என்றே உனக்குத் தெரியாது. இப்போதாவது தெரிந்துகொள்.

ஒன்பது வருஷம் அவரோடு அந்த அகராதிக்கு உழைத்தேன். இடது பக்கம் இங்கிலீஷ், நடுவில் ஃபின்னிஷ், வலது பக்கம் தமிழ். ஒரு அர்த்தத்துக்கு ஒரு சீட்டு. 'கெட்' என்ற அந்த ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு மட்டும் அறுபத்து மூன்று சீட்டு. வாங்கினாலும் கெட், அடைந்தாலும் கெட், எழுந்தாலும் கெட், நோயில் விழுந்தாலும் கெட், தேறினாலும் கெட். இங்கிலீஷ்காரன் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிறான், ஃபின்னிஷ்காரன் வேளைக்கு ஒன்று மாற்றுகிறான் என்று அப்பா சொல்வார். அந்த வினையை முழுக்க என்னிடம் விட்டார். இரண்டு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தினேன்.

இரண்டாம் சீட்டு, ஒரு பொருளைப் போய்க் கொண்டு வருவது. பன்னிரண்டாம் சீட்டு, ஒரு ஆளைப் போய் அழைத்து வருவது. இரண்டுக்கும் ஃபின்னிஷில் ஒரே சொல்தான், ஹகேயா. அதனால் ஒரு சீட்டு போதும் என்றார். தமிழில் தண்ணீரைக் கொண்டு வருகிறோம், டாக்டரை அழைத்து வருகிறோம், ஆள் வேறு பொருள் வேறு, இரண்டு சீட்டு வேண்டும் என்றேன். "உனக்குப் பிரிக்கத்தான் தெரியும், சேர்க்கத் தெரியாது" என்றார். அதோடு விட்டிருக்கலாம். காலையில் நான் வந்து பார்த்தபோது பன்னிரண்டாம் சீட்டு மட்டும் குறுக்காக வைக்கப்பட்டிருந்தது. எங்கள் மேஜையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இதை நீக்கு. என்னைக் கேட்காமல், ஒரு வார்த்தை பேசாமல்.

உங்களுக்கு மனுஷனும் சாமானும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். நீங்களாகக் கூப்பிட்டால்தான் இனி இந்தப் படி ஏறுவேன் என்றேன். "கூப்பிட மாட்டேன்" என்றார். நீ அப்போது வராந்தாவில் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

தமிழ் இல்லாவிட்டால் என்ன, அவருக்கு மிஞ்சியிருக்கிற மொழியில் என்னைக் கூப்பிடலாம். எனக்கு அது நன்றாகவே புரியும். நீ எழுதி அனுப்பியதில் அப்படி எதுவும் இல்லை.

அக்கா

பி.கு. குல்மா என்றால் குளிர்கிறது. யானோ என்றால் தாகம். வலோ போய்ஸ் என்றால் விளக்கை அணை.

*

மார்ச் 22

அக்காவுக்கு,

கட்டிலுக்கு நேர் மேலே நூறு வாட் பல்பு. மூச்சையும் முகத்து நிறத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால் நானே மாட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அது அணையவே இல்லை. பத்தொன்பது நாள், அக்கா. அவர் இடது கையால் கண்ணை மறைத்துக்கொண்டு அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கை சோர்ந்து விழுந்துவிடும். மறுபடி தூக்குவார். நான் வலிக்கிறது போலிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தேன். கண்ணீர் வழிந்ததை இந்த நோய்க்கு அப்படித்தான் என்று டைப்பிஸ்ட் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். இருட்டானதும் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது.

மூன்று பக்கம் உன் சண்டைக்கு. விளக்கு கடைசி வரியில், பின்குறிப்பில். அந்த இரண்டு சொல்லுக்கு ஒரு தந்தி கொடுத்திருக்கக் கூடாதா? அறுபத்து மூன்று சீட்டு எழுதிய உனக்கு எது முதலில் வரவேண்டும் என்று தெரியவில்லை.

இப்போது அவர் பேசுவதே இல்லை. விளக்கை அணைத்த நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து, இரண்டாவது தடவையாகச் சின்னதாக ஒன்று வந்துபோயிருக்கிறது, இனிப் பேச்சு வராது என்றார். எனக்கென்னவோ, சொல்லிச் சொல்லி அலுத்து நிறுத்திவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. சிலேட்டும் பலப்பமும் கொடுத்துப் பார்த்தேன், இடது கையில் கிறுக்கல்தான் வருகிறது. நேற்று ஒரு மணி நேரம் ஜன்னலையே காட்டிக்கொண்டிருந்தார். திறந்தேன், மூடினேன், திரை போட்டேன், எடுத்தேன். கடைசியில் களைத்துப்போய் என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டும், அவர் எனக்குச் சொல்கிறார்.

தம்பி

*

மார்ச் 31

தம்பிக்கு,

நீ எழுதியது அத்தனையும் சரி. விளக்கு என்று படித்தேன், அர்த்தமும் தெரிந்தது. அது எரிந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் என் மண்டைக்குள் ஏறவில்லை. சொல்லைப் பார்த்தால் அர்த்தம் எழுதுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதன் அடியில் ஒருவர் படுத்திருக்கிறார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. இதற்கு மன்னிப்பு என்று எழுதிக் கிழித்துப் போட்டேன். உன்னிடம் கேட்டு என்ன பயன்?

வருகிறேன் என்று எழுத உட்கார்ந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது. நான் வந்து நின்று, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வேன், சொல். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்கிறேன்.

இந்தப் பார்சலில் 'கெட்' முழுவதும் இருக்கிறது. நகல் எடுக்க நாள் இல்லை, அசலையே அனுப்புகிறேன். ஒவ்வொரு சீட்டிலும் எண். நடுவில் இருக்கும் ஃபின்னிஷ் சொல்லைச் சிவப்பு மையில் பெரிதாக மறுபடி எழுதியிருக்கிறேன். தமிழ் உனக்கு. அவர் சீட்டைத் தொட்டுக் காட்டட்டும், நீ அதைச் செய். இந்த ஒரு வினையை வைத்துக்கொண்டு ஒரு நோயாளி உயிர் வாழ்ந்துவிடலாம் என்று அவரே விளையாட்டாகச் சொல்வார். எழுப்பி உட்காரவை, தண்ணீர் கொண்டு வா, நனைந்துவிட்டது, குளிர்கிறது, வெளியே கூட்டிப்போ, தேறிவிடுவேன், எல்லாம் இதற்குள் இருக்கிறது. பத்தொன்பதையும் நாற்பத்தெட்டையும் எடுத்து வைத்துவிடு. ஒன்று போலீஸில் மாட்டிக்கொள்வது, இன்னொன்று கப்பலில் ஏறுவது.

பன்னிரண்டை எடுத்துவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். எடுத்தால் அவர் சொன்னது சரி என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். அதனால் அதையும் வைத்திருக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

பார்சல் ஒன்பதாம் தேதி வந்தது. அன்றைக்கு இந்த வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும்.

கட்டிலுக்குக் குறுக்கே வைக்கிறமாதிரி ஒரு பலகை செய்து, சீட்டுகளை அவரைப் பார்த்த வாக்கில் பரப்பினேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கேட்டுக் கை நீட்டினார். மாட்டிவிட்டேன். ஒவ்வொன்றாகப் படித்தார். பாதியில் பென்சிலைக் காட்டினார். கொடுத்தால், ஒரு சீட்டில் ஒரு எழுத்தின் தலையில் நீ வைக்க மறந்த இரண்டு புள்ளியை வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். இடது கையால். ஐந்து நிமிஷம் ஆயிற்று.

அப்புறம் முப்பத்தொன்றைத் தொட்டார். எழு. தலையணை வைத்து உட்காரவைத்தேன். இரண்டைத் தொட்டுக் கூஜாவைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தேன். நாற்பதைத் தொட்டார், நனைதல். குளிக்க ஆசைப்படுகிறார் என்று வாளியும் துணியுமாக வந்து நின்றால், விஷயம் வேறு. விரிப்பு நனைந்து இரண்டு மணி நேரமாகியிருக்கிறது. எல்லாம் முடிந்ததும் நாற்பத்து நாலைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். புரிந்துகொள். 'இப்பவாவது புரிஞ்சுதா'ன்னு கேட்கிறார். நானும் அதையே தட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். மறுநாள் கல்யாணம் செய்துகொள்கிற சீட்டைத் தட்டிவிட்டு என் நரைத்த கிருதாவைப் பார்த்தார். கொழுப்பு கொஞ்சமும் குறையவில்லை.

நான் கட்டிலுக்கு இடது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சீட்டெல்லாம் அவரைப் பார்த்து இருப்பதால் கொக்கு மாதிரி கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்கவேண்டியிருக்கிறது. கழுத்து சுளுக்கிக்கொண்டு தைலம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சங்கடத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் தேதியிலிருந்து ஒரு காரியம் செய்கிறார். காலையில் முதல் வேலையாக எல்லாச் சீட்டையும் வரிசையாக அடுக்குகிறார். அடுக்கிவிட்டு உன் பன்னிரண்டாம் சீட்டை மட்டும் தனியாக எடுத்துப் பலகையின் ஓரத்தில் குறுக்காக வைக்கிறார். வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார். கழுத்தைச் சாய்க்காமல் என்னால் படிக்க முடிகிற சீட்டு அது ஒன்றுதான், அந்த மட்டில் என் கழுத்துக்குச் சௌகரியம்.

'அழைத்து வா' என்று போட்டு, உதாரணம் 'டாக்டரை அழைத்து வா' என்று நீ எழுதியிருக்கிறாய். ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தேன். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். டாக்டர் என்னை முறைத்துவிட்டுப் போனார். டைப்பிஸ்ட் அம்மாவை அழைத்து வந்தேன். இல்லை. சவரம் செய்கிறவர், காகித ஆலையில் அவரோடு வேலை பார்த்த ஃபோர்மன், தபால்காரர் என்று யார் யாரையோ கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் நிறுத்தினேன். ஃபோர்மன் அழுதுவிட்டார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் அவர் போனதும் சீட்டு திரும்ப ஓரத்துக்கு வந்துவிட்டது. ஒரு வாரமாகத் தினமும் இதே கதை. நான் மூடி வைத்தாலும் தேடி எடுத்துவிடுகிறார்.

இனி அழைத்து வருவதற்கு யாரும் பாக்கி இல்லை, அக்கா. நீதான் பாக்கி. உன் பேரைச் சொல்லிப் பார்த்தேன், அதுவும் அவர் காதில் ரேடியோவாகத்தான் விழுகிறது. உன் போட்டோ ஒன்று இருந்தால் காட்டிக் கேட்டிருப்பேன். போகும்போது ஒன்றைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஒரு போட்டோவாவது அனுப்பு. இல்லாவிட்டால் ரயிலேறு.

தம்பி

*

தந்தி. ஏப்ரல் 28

அழைக்கவில்லை. திருத்துகிறார். பன்னிரண்டை அவர் கண்முன் நீக்கிவிடு. அமைதியாவார். கடிதம் பின்னால்.

*

ஏப்ரல் 28

தம்பிக்கு,

விளக்கு விஷயத்தில் செய்த தப்பை இந்தத் தடவை செய்யவில்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்த பத்தாவது நிமிஷம் தபாலாபீசில் நின்றேன். இது அதற்கு விளக்கம்.

முதலில் எனக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று பட்டது. அச்சகத்து முதலாளியிடம் போய் லீவுகூடச் சொல்லிவிட்டேன். அப்புறம் 'குறுக்காக' என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

நீ லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், உனக்குத் தெரிய நியாயமில்லை. சீட்டுகளை வரிசையாக அடுக்குவதும், ஒன்றைத் தனியே குறுக்காக வைப்பதும், இரண்டு புள்ளி விட்டுப்போனதைப் பென்சில் வாங்கித் திருத்துவதும் நோயாளியின் காரியமில்லை, அகராதிக்காரரின் காரியம். அவர் யாரையும் கேட்கவில்லை. வேலை பார்க்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மேஜையில் வைத்த அதே சீட்டை, அதே மாதிரி, இன்றைக்கும் வைக்கிறார். உன்னைப் பார்ப்பது, இதை இன்னும் ஏன் நீக்கவில்லை என்று கேட்பதற்குத்தான். படுக்கையில் கிடந்தும் அவருக்கு அந்தச் சீட்டை விட மனசு வரவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அப்பா அப்பாவாகவே இருக்கிறார் என்று ஒரு மாதிரி நிம்மதிதான்.

அவர் கண்ணுக்கு முன்னால் அதை எடுத்துக் கிழித்துப் போட்டுவிடு. அவர் ஜெயித்ததாகவே இருக்கட்டும். இந்த நிலையில் அவரோடு போட்டி போட்டு நான் என்ன சாதிக்கப் போகிறேன்? அப்புறம் நிம்மதியாகத் தூங்குவார், உன்னையும் தூங்கவிடுவார்.

லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா

*

மே 4

அக்காவுக்கு,

ஒன்றாம் தேதி நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். எல்லாம் முடிந்துவிட்டது. நீ வருவாயோ என்று ஒரு நாள் வைத்திருந்தோம். தள்ளிப் போடவேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

கடிதம் பின்னால் என்று போட்டிருந்தாய், அது இன்னும் வந்து சேரவில்லை. இந்த இரண்டு மாதத்தில் நீ அனுப்பியதில் நேரத்துக்கு வந்தது அந்தத் தந்தி ஒன்றுதான். இருபத்தொன்பதாம் தேதி காலையில் தபால்காரர் மூன்று மாடி ஏறி வந்து கொடுத்தார். அப்பா அப்போதுதான் அடுக்கி முடித்துவிட்டுப் பன்னிரண்டை ஓரத்தில் வைத்திருந்தார்.

தந்தியை இரண்டு தடவை படித்தேன். எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் அவர் மொழியும் வேலையும் தெரிந்தவள் நீ. விளக்கு என்று சொன்னதும் நீதான். அதனால் சீட்டை எடுத்தேன். நான் கையில் எடுத்ததும் அப்பா முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். வேகமாகத் தலையை ஆட்டினார். ஆமாம், ஆமாம் என்கிற மாதிரி. நீ சொன்னது சரிதான் என்று எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. அவர் பார்க்கும்படி இரண்டாகக் கிழித்தேன். நாலாகக் கிழித்தேன். கூடையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "போச்சுப்பா. நீங்க சொன்ன மாதிரியே எடுத்தாச்சு" என்றேன்.

அவர் கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அக்கா. கோபித்திருந்தால் புரிந்துகொண்டிருப்பேன். பலகையை இடது கையால் மெதுவாகத் தள்ளினார். சீட்டெல்லாம் தரையில் கொட்டிற்று. பொறுக்கி வைத்தேன், மறுபடி தொடவில்லை. தாகத்துக்குக்கூட இரண்டைத் தொடவில்லை, நானாகப் பார்த்துக் கொடுத்தால் குடித்தார். அமைதியாவார் என்று நீ போட்டிருந்தாய். அமைதியாகத்தான் இருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொன்னதைத்தான் செய்தேன். ஏதோ தப்பு என்று மட்டும் தெரிகிறது. அவர் முகம் மலர்ந்ததே, அது எதற்கு? நீதான் அர்த்தம் சொல்கிறவள், சொல்.

மீதி அறுபத்திரண்டு சீட்டையும் கட்டி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவது குப்பையோடு போய்விட்டது.

தம்பி

*

மே 13

தம்பிக்கு,

தந்தி வந்த அன்றே டிக்கெட் எடுத்தேன். பெட்டியோடு ஸ்டேஷன் வரைக்கும் போய், ரயில் வந்து நின்று புறப்படும் வரை பிளாட்பாரத்தில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். போய் யாரைப் பார்ப்பது என்று இருந்தது.

அவர் முகம் மலர்ந்தது எதற்கு என்று கேட்டிருக்கிறாய். உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்து நேற்று மறுபடி படித்தேன். முதல் தடவை படித்தபோது 'குறுக்காக' என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். அதற்கு அடுத்து நீ உன் கழுத்தைப் பற்றி எழுதியிருந்தது வெறும் விளையாட்டு என்று தாண்டிப் போய்விட்டேன்.

வீட்டிலிருந்த ஸ்டூலை இழுத்து என் கட்டிலுக்கு இடது பக்கம் போட்டேன். தலையணைமேல் ஒரு பலகையை வைத்து, காகிதத்தை வெட்டிச் சீட்டுகளாகப் பரப்பினேன். கட்டிலில் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு சீட்டை மட்டும் ஸ்டூலில் இருக்கிறவன் படிக்கிறமாதிரி திருப்பி வைத்தேன். அது குறுக்காக இருந்தது.

எங்கள் மேஜையில் இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருப்போம். அங்கே குறுக்கு என்றால் நீக்குதான். கட்டிலருகே நீ பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாய். அவர் அதைக் குறுக்காக வைக்கவில்லை. உன் பக்கம் திருப்பி வைத்தார். நீ படிக்கவேண்டும் என்று. நீ அதைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தது, நீ என்னை அழைத்துவரக் கிளம்பப் போகிறாய் என்று நினைத்து.

இன்னொன்றும் உன் கடிதத்திலேயே இருக்கிறது. தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டைத் தொட்டார். ஃபின்னிஷில் இரண்டு சீட்டிலும் ஒரே சொல்தான், ஆள் வேண்டியிருந்தாலும் இரண்டையே தொட்டிருக்கலாம், ஒன்று போதும் என்றவர்தானே அவர். தொடவில்லை. தேடி எடுத்துப் பன்னிரண்டை வைத்தார். தண்ணீருக்கு இரண்டு, எனக்குப் பன்னிரண்டு. நான் பிரித்தது சரி என்று அவர் ஒப்புக்கொண்டதை எனக்குச் சொல்ல அவருக்கு வேறு வழி இல்லை.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. தபால்காரர் முதற்கொண்டு எல்லோரையும் நிறுத்திப் பார்த்துவிட்டு, நீதான் பாக்கி என்று சரியாக எழுதினாய். அந்த மொழி ஒரு எழுத்தும் தெரியாத உனக்குப் புரிந்தது. தெரிந்த நான்தான் கிழிக்கச் சொன்னேன். இதை நீ எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்.

பதிப்பாளர் 'கெட்' பக்கங்களைக் கேட்கிறார். சீட்டுகளை அனுப்பிவை. பன்னிரண்டை எழுத உட்கார்ந்தேன். இங்கிலீஷ் எழுதினேன், ஹகேயா எழுதினேன், அழைத்து வா என்று எழுதினேன். உதாரணம் போடவேண்டிய இடத்தில் டாக்டர் என்று எழுதக் கை வரவில்லை. வேறு எதை எழுதினாலும் அச்சில் வரும், யார் யாரோ படிப்பார்கள். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

அவராகக் கூப்பிட்டால்தான் அந்தப் படி ஏறுவேன் என்று சொல்லியிருந்தேன். தேதி பார்த்து எண்ணினேன். பதினெட்டு நாள் கூப்பிட்டிருக்கிறார்.

அக்கா